தவிட்டுக்கு வாங்கியவள்

தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று எல்லா வீட்டிலும் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் அது கேலி இல்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் கைக்குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள். அதனால் நான் பிறந்ததும் அம்மா என்னை எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டம்மாவிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கினாள். அந்தம்மா பெற்ற பிள்ளைகளில் ஒன்றுகூடத் தவறியதில்லை. அவள் பிள்ளை என்று நினைத்து எமன் என்னை விட்டுவிடுவானாம். விட்டுவிட்டான்.

பிறகு தம்பி பிறந்தான், கொழுகொழுவென்று. இனிப் பயமில்லை என்று அவனுக்குத் தவிடு கொடுக்கவில்லை. அம்மா அந்தப் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டாள். அவனை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள். அந்த ஃபீஸுக்காக என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திப் பீடி சுற்ற உட்காரவைப்பது என்று அப்பா முடிவு செய்திருந்தார். முட்டை அவனுக்கு மட்டும்தான். எனக்கு முட்டை பிடிக்காது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள் அம்மா. எனக்கு முட்டை என்றால் உயிர்.

ஒன்றாம் வகுப்பில் டெங்கு வந்து தம்பி செத்தான். அவனைத் தூக்கும்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இவளுக்குப் போட்ட தவிட்ட அவனுக்குப் போட்டிருக்கணும்."

கூடியிருந்த யாரும் அவளை அதட்டவில்லை. சிலர் தலையாட்டினார்கள்.

இன்னொன்று பெற வழியில்லை. ஆகவே அவன் ஃபீஸ் எனக்கு வந்தது, முட்டையும் வந்தது. நர்சிங் படித்தேன். தம்பி செத்ததால் படித்தவள் நான். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன மாதம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு பை தவிட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா, பெண் என்று கேட்டதும் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"பொட்டப்பிள்ளதான, அது கெடக்கும். அடுத்தது பையன் பொறப்பாம்லா, அவனுக்கு வேணும்."

"அடுத்தது கிடையாதும்மா. ஆபரேஷனுக்குச் சொல்லியாச்சு."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "ஏட்டி, இது போயிட்டா?"

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை. அம்மாவை அப்போது வெறுத்தேன். மறுநாள் காலையில் டாக்டர் வந்தபோது ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அவர் போனபின் தவிட்டுப் பையை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கினேன். எதிர்வீட்டம்மாவைக் கையோடு கூட்டிவரச் சொன்னேன்.