அண்ணனுக்குச் சூட்டிய பேட்டா

ஜரிகைக் கரை போட்ட மைசூர்ப் பேட்டா அது. எங்கள் ஊரில் யாரையாவது கௌரவிக்க வேண்டுமென்றால் தலையில் அந்தத் தலைப்பாகையைத்தான் வைப்பார்கள். அண்ணனுக்குக் கொஞ்சம் பெரிது, புருவம் வரை இறங்கிவிட்டது. ஆனாலும் சக்கர நாற்காலியில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் கிராமமான மார்டள்ளியிலிருந்து அண்ணனும் நானும் மைசூருக்குப் படிக்க வந்திருந்தோம். கல்லூரி பழைய காலத்துக் கட்டடம், வாசலிலேயே ஆள் உயரத்துக்குப் படிகள். தினமும் நான்கு பையன்கள் அவனை நாற்காலியோடு தூக்குவார்கள். இன்று யார் முறை என்று அவன் காதுபடவே சண்டை போடுவார்கள். அண்ணன் காலையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். "குடிச்சா ஒண்ணுக்குப் போக எறங்கோணும், எறங்குனா மறுபடி தூக்கோணுமே பாப்பா" என்பான். சாய்தளம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தான்.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வருவதற்கு முதல்நாள் சாய்தளம் வந்தது. படிகளை மூடி நீளமாகப் பலகை, மேலே சிவப்புக் கம்பளம். இனி யார் தயவும் உனக்கு வேண்டாம் என்று முதல்வர் அவன் தோளைத் தட்டினார். பாவி, அதை அப்படியே நம்பினான். அன்று மாலை இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு, "எம்.ஏ.வும் இங்கயே முடிச்சர்றேன் பாப்பா" என்றான்.

மறுநாள் குழுவின் முன்னால் அவனை ஏறச் சொன்னார்கள். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை ஏறச் சொன்னார்கள். பிறகு பேட்டா, சால்வை, கைதட்டல். குழுவின் கார் வெளியே போனதும் பந்தல்காரர்கள் வந்து கம்பளத்தைச் சுருட்டினார்கள்.

"அண்ணா, நான் இன்னும் மேலதான் இருக்கறேன்" என்றான் அண்ணன்.

"நஞ்சன்கூட்டுல கல்யாணம் தம்பி, பலகை அங்க போவோணும்" என்றார் ஒருவர்.

பியூன் படியேறி வந்தார். உதவத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "கொடப்பா, இது ஆபீஸ்து" என்று பேட்டாவைக் கழற்றிக்கொண்டு போனார்.

அன்று விடுமுறை விட்டிருந்ததால் பையன்கள் யாரும் இல்லை. அண்ணன் படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினான். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். ஆசிரியர்கள் மரத்தடியில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் தரையைத் தொட்டதும் ஒருவர் "சபாஷ்!" என்று கைதட்டினார். அந்தக் கையை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அதன்பின் அண்ணன் கல்லூரிப் பக்கம் போகவில்லை. டிகிரியும் முடியவில்லை. மார்டள்ளியில் செல்போன் பழுது பார்க்கிறான்.

போன வாரம் அந்தக் கல்லூரியின் சேர்க்கை விளம்பரம் என் போனுக்கு வந்தது. சிவப்புக் கம்பளத்தின் மேல் பேட்டாவோடு அண்ணன். கீழே, 'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு.' வயிறெரிந்து அவனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"பேட்டா எனக்கு எடுப்பாத்தான் இருக்குது. அதுல படி தெரியுதான்னு பாரு பாப்பா."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படிகூடத் தெரியவில்லை.