பட்டி கட்டிய ஆடு

தொலைதூரக் கடல் தீவு ஒன்றில் வேலை செய்யும் என் மகள், விடுமுறைக்கு லண்டன் இல்ஃபோர்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எப்போதோ கப்பல்காரர்கள் விட்டுப்போன ஆடுகள் அங்கே காட்டு ஆடுகளாய்ப் பெருகி, தீவையே மொட்டையாக்கிவிட்டனவாம். அவற்றைச் சுட்டு ஒழிக்கிறார்கள்.

"ஒளிச்சிருக்கிறதுகளை எப்பிடி, பிள்ளை, கண்டுபிடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு ஆட்டின்ர கழுத்தில சிக்னல் பட்டி கட்டி விடுவம் அப்பா. அதுக்குத் தனிய இருக்க ஏலாது. மற்றதுகளைத் தேடிப் போகும். நாங்கள் பின்னால போவம்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

லண்டனுக்கு வந்த புதிதில், தமிழ் பேச ஆளில்லாமல் தவித்த ஒரு பின்னேரம், முருங்கைக்காய்க் கட்டோடு பஸ்ஸால் இறங்கிய ஒருவரின் பின்னாலேயே அவர் வாசல்வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தவர் கோபிக்கவில்லை.

"குளிருது தம்பி, உள்ளுக்கு வாரும்."

உள்ளே ஆறேழு பேர். தேத்தண்ணிக் கோப்பையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய சுடச்சுட ஒடியல் கூழ். வீடு நிறையத் தமிழ்ச் சத்தம். அவர்களில் பாதிப் பேருக்கு விசா இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தீவில் இப்போது செடிகள் முளைக்கின்றனவாம். மகள் செய்வது நல்ல வேலைதான். ஆனாலும் அன்று என் பின்னால் விசா அதிகாரிகள் யாரும் வரவில்லை என்று, இத்தனை வருடம் கழித்து, நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.