எழவுக்கென்று வைத்த ஒரு ரோல்

எங்கள் வீட்டில் அரிசி வறுப்பது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, பிள்ளைகளுக்கு மாவு இடிக்க. இன்னொன்று, இவருடைய லென்ஸுகளுக்கு. அக்கரப்பத்தனைப் பக்கத்துக் குளிரில் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தால் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? கண்ணாடிக்குள் நரைமுடி மாதிரி இழை இழையாக ஓடும். அதற்கு இவர் கண்டுபிடித்த மருந்து, சிவக்க வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து, கேமராவோடு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு இறுக்கி மூடுவது. ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளுமாம். கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் அரிசியில் பிள்ளைகளுக்குப் பங்கு, எங்களுக்குப் பங்கு, அதற்குமேல் கேமராவுக்கும் ஒரு பங்கா என்று நான் சொல்லிக்காட்டாத மாதம் இல்லை. இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, சுருட்டுக்கூடக் கிடையாது. பழைய கேமரா என்றால் மட்டும் மனுஷன் யார் பேச்சையும் கேட்க மாட்டார். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மார் ஏலத்தில் எடுத்துவந்த பீங்கான் தட்டையும் கம்பளியையும் எனக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். என் வீட்டுக்கு வந்ததெல்லாம் துருத்தி கிழிந்த கேமரா, மூடி இல்லாத லென்ஸ், யாரோ ஒரு துரைசானி கைதவறிப் போட்டு நசுங்கிய பெட்டிக் கேமரா. ஏலத்தில் தவறியது அட்டன் பஜாரில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரியின் கடைக்கு வந்து சேரும். துரைமார் விட்டுப்போன கடிகாரம், குடை, கோல்ப் மட்டை என்று எல்லாவற்றையும் வாங்கி விற்கிறவர் அவர். இவரைக் கண்டதும் பெஞ்சியைத் துடைத்துப் போட்டு, ஐயாவுக்கென்றே ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று ஆரம்பிப்பாராம். அந்த நானாவை நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. நல்ல மனுஷர். பெருநாளைக்குப் பெருநாள் எங்களுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார்.

திட்டினேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை பகலில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து லென்ஸ் துடைப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கிழிந்த மல் வேட்டியில் ஒரு துண்டு, பிள்ளைக்குக் கண்ணில் தூசு விழுந்தால் ஊதுகிற மாதிரி ஓர் ஊதல், பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்வை. என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். எனக்குப் பூசணம்தான் தெரியும். அவருக்கு என்ன தெரிந்ததோ, முகம் அப்படியே மலர்ந்து போயிருக்கும். அந்த முகத்துக்காகத்தான் அரிசி வறுத்தேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கேமரா வாங்கியிருப்பார்.

இவர் முதன்முதலில் வாங்கியது ஒரு பெரிய துருத்திக் கேமரா. மூடினால் ஜெபப் புத்தகம் அளவு, திறந்தால் ஒரு சாண் நீளும். அகலமான பிலிம் ரோல் போட வேண்டும். எட்டுப் படம் விழும். அதைத் தூக்கிக்கொண்டு தோட்டமெல்லாம் சுற்ற வேண்டும் என்று இவருக்கு ஆசை. ஆனால் முதல் அழைப்பு எழவு வீட்டிலிருந்து வந்தது. கங்காணி ஒருவருடைய தாயார் தவறிவிட்டார். எங்கள் பக்கத்தில் பாதிச் சொந்தம் இந்தியாவில் இருந்தது. பாஸ்போர்ட், விசா என்று ஆனபிறகு, தந்தி கொடுத்தாலும் அவர்களால் வந்துசேர முடியாது. அதனால் போய்ச்சேர்ந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, மக்கமனுஷர் எல்லாரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது வழக்கம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த நிறையப் பேருக்கு ஆயுசுக்கும் அது ஒன்றுதான் படம். இவர் போய் எடுத்துக் கொடுத்தார். நன்றாக வந்ததாகப் பேர்.

அந்தப் பேர்தான் வினையானது. அடுத்த வாரம் அதே கங்காணியின் பேரன் லயத்து வாசலில் கோழிக்குஞ்சு துரத்திக்கொண்டிருந்தான். இவர் ஆசையாகக் கேமராவைத் திறந்ததும், கங்காணி ஓடிவந்து பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டாராம்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அது எங்க ஆத்தாளப் பாத்த கண்ணு."

அன்றைக்கு அந்தக் கேமராவுக்கு எழவுப் பெட்டி என்று பேர் விழுந்தது. பிறகு எந்தக் கல்யாணப் பெண்ணும், எந்தக் குழந்தையும் அதற்கு முன்னால் வந்து நிற்கவில்லை. வேறொருவராக இருந்தால் முகம் வாடியிருக்கும். இவர் அடுத்த சம்பளத்துக்குச் சீட்டியடித்துக்கொண்டே அட்டனுக்குப் போனார். நல்ல காரியத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டாமா என்று என்னையே கேட்டார். அதற்குப் பிறகு காதுகுத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று. காரணம் கிடைக்காதபோது, கையில் இருப்பதற்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒன்று.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கங்காணியை விட எனக்கு அந்தப் பயம் அதிகம். எழவுப் பெட்டி மற்ற கேமராக்களோடு ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது என்று அதை விறகு அறைக்கு விரட்டினேன். எழவு வீட்டுக்குப் போய்வந்தால் இவர் குளித்துவிட்டுத்தான் வாசற்படி மிதிக்க வேண்டும். பெட்டிக்கும் ஒரு தெளி மஞ்சள்தண்ணீர் தெளிப்பேன். லென்ஸ், லென்ஸ் என்று இவர் ஈர வேட்டியோடு அலறிக்கொண்டு ஓடிவருவார். என் பிள்ளைகளை அந்தப் பெட்டி இருக்கும் திசைக்குக்கூட விட்டதில்லை.

இப்படியே பல வருஷம் போனது. பிறகு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராது என்று ஒரு காலம் வந்தது. மிளகாய், துணி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, ரோலைக் கேட்பானேன்! நானா கையை விரித்துவிட்டார். கல்யாணக் கேமராவும் காதுகுத்துக் கேமராவும் வறுத்த அரிசிக்குள் தூங்கின. அவற்றுக்கான சின்ன ரோல் கொழும்பிலும் இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அகலமான ரோல். எழவுப் பெட்டிக்கு மட்டும்தான் அது பொருந்தும். சாவு சொல்லிவிட்டு வராது என்று எப்போதும் ஒன்றை ஒதுக்கி வைப்பது இவர் வழக்கம். அதைத் தொடுவதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அக்கா ஒருவர் இருந்தார். கீழ் லயத்தில் குடியிருந்தார். பகலில் கொழுந்து பறிப்பார், காலையும் மாலையும் ஒரு பசுமாட்டை வைத்துப் பிழைப்பார். புருஷன் தவறி இரண்டு மூன்று வருஷமாகியிருந்தது. நான் தலைப்பிரசவத்தில் கிடந்தபோது என் தாய் வந்துசேர மூன்று நாளாகிவிட்டது. அதுவரை என் பக்கத்தில் இருந்து கஷாயம் வைத்து ஊற்றியவர் இந்த அக்காதான். வாய் ஓயாது. சிரிக்க ஆரம்பித்தால் பால் செம்பு தளும்பும். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

அக்காவுக்கு ஒரே மகள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் மருமகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மகளும் பேத்தியும் அவரோடு திருச்சிப் பக்கம் போகிறார்கள். அக்காவுடைய பெயர் அந்த விண்ணப்பப் பாரங்களில் இல்லை. இருந்திருந்தாலும் மாட்டையும் மலையையும் விட்டு வரமாட்டேன் என்று சொல்லியிருப்பார். வருகிற ஞாயிறு தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல். வியாழக்கிழமை மாலை பாலோடு வந்தவர் பாலை ஊற்றிவிட்டும் போகாமல் நின்றார். பிறகு, மகளும் பேத்தியும் தானுமாக ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததெல்லாம் பாரத்தோடு போய்விட்டது. அட்டன் ஸ்டூடியோவில் ரோல் இல்லை என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

இவர் உண்மையைச் சொன்னார். எழவுப் பெட்டிக்கு மட்டும்தான் ரோல் இருக்கிறது என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? என் பிள்ளையாக இருந்தால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்துவேனா? பச்சைக் குழந்தை, கடல் தாண்டிப் போகிற நேரம். அக்கா சரிங்கம்மா என்று செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அன்று இவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அலமாரி நிறையக் கேமரா வைத்திருக்கிறீர்கள், ஒரு தாயையும் மகளையும் சேர்த்து ஒரு படம் எடுக்க முடியவில்லையே என்று கத்தினேன்.  இவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அக்கா வெள்ளைச் சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். தலையில் எண்ணெய் பளபளத்தது. பின்னாலேயே மகள், இடுப்பில் குழந்தையோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா இவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, நான் செத்தா அந்தப் பெட்டியிலதான எடுப்பீங்க? எடுத்து இவளுக்குத்தான அனுப்புவீங்க? இவளால அப்ப வரமுடியாது. அத இப்பவே எடுத்துக் குடுத்துருங்க. கையோட கொண்டு போயிரட்டும்."

இவர் கையில் இருந்த தேநீரை அப்படியே கீழே வைத்தார்.  மகள் அழவில்லை. வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், தொண்டை கட்டியிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று என்னிடம் முறையிட்டாள். அதற்குள் அக்கா எங்கள் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று நல்ல பனிமூட்டம். எதிர் மலை தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் பெட்டியின் கண்ணைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால்தான் படம் விழும் என்றார் இவர். அதுவரை ஆடக்கூடாது, மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். எழவு வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் இருப்பவர் அசைய மாட்டார். சுற்றி நின்று அழுகிறவர்கள்தான் கலங்கித் தெரிவார்கள்.

இவர் பெட்டியை முக்காலியில் பூட்டிக் குனிந்தார். அக்கா கையை மடியில் வைத்து நேரே பார்த்தார். அப்போது மகள் குழந்தையோடு விடுவிடுவென்று போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ தள்ளு" என்றார் அக்கா. "புள்ளையக் கொண்டுக்கிட்டு உள்ள போ."

"எளவு போட்டோன்னா மக்க மனுசங்க சுத்தி நிக்கணும்ல? தனியா எடுத்துக் குடுத்தா, நான் ஊர்ல என்னான்னு சொல்லிக் காட்டுறது?"

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தன் தாயின் மடியில் உட்காரவைத்தாள். அக்கா இறக்கிவிடப் பார்த்தார். அது விடாமல் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அக்கா மகளை அண்ணாந்து பார்த்தார். என்ன தோன்றியதோ, திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். செத்தவளுக்குச் சிரிப்பென்னடி, செத்தவளுக்குச் சிரிப்பென்னடி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆடாதீர்கள், ஆடாதீர்கள் என்று இவர் சொல்லச் சொல்ல விசை அமுங்கிவிட்டது. படம் போச்சு என்று இவர் தலையில் கை வைத்தார். இன்னொன்று எடுத்தார். இந்தத் தடவை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்தார். மகளும் ஆடவில்லை. குழந்தைகூட ஆடவில்லை. நான் வாசற்படியில் நின்று, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

குளியலறையில் சிவப்புத் துணி சுற்றிய விளக்கை வைத்து, அன்று சாயங்காலமே இவர் ரோலைக் கழுவினார். மிச்சமிருந்த போட்டோக் காகிதத்தில் இரண்டு படத்தையும் போட்டு, சனிக்கிழமை ஸ்டோரில் தேயிலை உலர்த்தும் சூட்டடுப்புப் பக்கமாகக் காயவைத்துக் கொண்டுவந்தார். இரண்டாவது படம் அவ்வளவு அழகு. அக்காவின் மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. முதல் படத்தில் மகளும் குழந்தையும் ஓரளவு தெரிந்தார்கள். நடுவில் அக்காவின் முகம் இரண்டு மூன்றாகக் கலைந்து புகையாக இருந்தது. அதை இவர் கிழித்துப் போடப் போனார். இந்த வீட்டிலிருந்து ஆடிய படம் வெளியே போனதில்லை என்றார். நான்தான் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தேன்.

மாலையில் மகள் மட்டும் வந்தாள். இவர் நல்ல படத்தைப் பெருமையோடு நீட்டினார். அவள் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த மற்றதைக் கண்டு, அது என்ன என்று கேட்டாள். அது கெட்டுப்போனது என்று இவர் சொன்னார். அவள் நல்ல படத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது அம்மாகிட்டயே இருக்கட்டும் ஐயா. இதுல செத்தவங்க மாதிரிதான் இருக்காங்க. அதுல ஆடுறாங்க. எனக்கு அதக் குடுங்க."

 கடல்காற்றுக்குக் கெட்டுவிடும் என்று சொல்லி, இவர் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடுகிற ஈயத்தாளில் ஒரு துண்டை வெட்டி, அந்தக் கலைந்த படத்தை நாலு பக்கமும் மடித்துச் சுற்றினார். அவள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெட்டி கட்ட வேண்டும் என்று லயத்துக்கு இறங்கினாள்.