கேட்டில் நின்ற சூசையப்பர்

சூசையப்பர் சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோவதை இந்தத் தவக்காலத்தோடு நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். வலது முட்டு போய்விட்டது. மொபெட்டில் ஏறினால் இறங்க முடியவில்லை.

ஆரம்பித்த கதை சின்னதுதான். பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்க ரொம்ப நாளாயிற்று. அப்போது புதன்கிழமைதோறும் கோயிலில் சூசையப்பர் முன்னால் போய் உட்கார்ந்திருப்பேன். கேட்கத் தெரியாது. அவரும் தச்சுவேலை செய்து இயேசுவை வளர்த்தவர், தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிடுவேன். வேலை கிடைத்தது. அவர் தந்தது என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்ன? நாலு வீட்டுல போய்ச் சொல்லும்" என்றார். சொல்ல எனக்கு வாய் கிடையாது. அதனால் சுரூபத்தை வீடு வீடாக அனுப்பத் தொடங்கினேன்.

புதுப் பட்டறையில் கூட வேலை பார்த்த பாய் ஒருவர் கேலி செய்வார்.

"ஏன் வே, உங்க வேதத்துல அவரு ஒரு வார்த்த கூட பேசலியாமே?"

"ஆமா."

"அதான் உமக்கு ஒத்துப்போவுது."

வழக்கம் இதுதான். கண்ணாடி வைத்த மரப்பெட்டிக்குள் சுரூபம் இருக்கும். ஒரு வீட்டில் ஒரு வாரம். புதன்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டார் மெழுகுவர்த்தியோடு வந்து, செபம் சொல்லி, அவரை அழைத்துப்போக வேண்டும். நாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. தாய்மாமனைக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, வந்து அழைக்க வேண்டும்.

முதலில் அப்படித்தான் நடந்தது. மழையில் குடை பிடித்து அழைத்துப்போயிருக்கிறார்கள்.

ஒரு தடவை ஒரு வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். வர முடியவில்லை. பாவம் என்று நானே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் விருந்தாள். அதற்கும் நானே போனேன். அப்படியே பழகிவிட்டது. பிறகு எல்லா வாரமும் போன்தான் வரும்.

"அண்ணாச்சி, பிள்ளைய டியூஷன்ல விடப் போறேன். கேட்டுல வச்சுட்டுப் போங்க."

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம் சொல்வது போல இருக்கும். வைத்துவிட்டு வருவேன். அவர்கள் வருகிறவரை சூசையப்பர் வெயிலில் நிற்பார். எனக்குக் கோபம் இல்லை. அலுப்புதான். பக்தியைப் பரப்பினேன் என்று கோயிலில் ஒரு சால்வை போட்டார்கள். போர்த்திக்கொண்டு நின்றபோது, நான் பரப்பியது பெட்டியைத்தானே என்று தோன்றியது.

வீட்டில் மனைவி முட்டுக்கு எண்ணெய் போடுவாள்.

"சூசையப்பரா வந்து தேய்க்காரு? நான்தான தேய்க்கேன்" என்பாள்.

தவக்காலம் தொடங்கியதும் தெருச் செபக்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இனி நான் கொண்டுவர மாட்டேன். அவர் என் வீட்டில் இருப்பார். வேண்டியவர்கள் பழையபடி வந்து அழைத்துப்போங்கள். யாரும் வராவிட்டால் கோயிலில் ஒப்படைத்துவிடுவேன், அதோடு இந்தச் சுற்று முடிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

புதன் வந்தது. யாரும் வரவில்லை. அடுத்த புதனும் அப்படியே. மனைவி டிவி சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தாள், கதவைத் தட்டினால் கேட்கட்டும் என்று. தட்டவில்லை.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். முக்கூடலில் இருந்து வாழ வந்தவள். இந்து. பீடி சுற்றுகிறவள்.

"உங்க சாமி என்ன அண்ணாச்சி, ஒரே இடத்துல இருக்காரு?"

"யாரும் அழைக்க வரல."

"இவரு ஆசாரியாமே?"

"ஆமா."

"எங்க வீட்லயும் ஒரு ஆசாரி சும்மாதான் இருக்காரு. எல்லாரும் ரெடிமேட் கதவுல்லா வாங்குதாவ. ஒரு வாரம் பேச்சுத்துணைக்கு வரட்டும்."

"இவரு பேச மாட்டாரே" என்றாள் என் மனைவி.

"அவரும்தான் பேச மாட்டாரு."

எங்கள் வேதக்காரர் வீடுகளுக்கு மட்டும்தான் இதுவரை போயிருக்கிறார். கொஞ்சம் யோசித்தேன். அழைக்க வந்தது அவள் ஒருத்திதான். வழக்கத்தைச் சொன்னேன். போய், புருஷனைச் சட்டை போடச் சொல்லிக் கூட்டிவந்தாள். மெழுகுவர்த்தி இல்லை. தன் வீட்டு விளக்கைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு வந்தாள். நான் செபம் சொன்னேன். புருஷன் பெட்டியைத் தூக்கும்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு மூலையைத் தடவிப் பார்த்தான். அந்த வாரத்தில் அந்த மூலையை இறுக்கிவைத்திருந்தான்.

அடுத்த புதன். பழைய முறைப்படி அடுத்தது பக்கத்துத் தெரு டீச்சர் வீடு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. யாரும் அழைக்க வராததால் எதிர்வீட்டில் இருந்தே போன் போட்டேன்.

"பேப்பர் திருத்திட்டு இருக்கேன் அண்ணாச்சி. வழக்கம்போல கேட்டுல வச்சுட்டுப் போங்க."

போனை வைத்தேன். கோயிலுக்கே கொண்டுபோய்விடலாம் என்றேன். எதிர்வீட்டுக்காரி பீடித் தட்டை இறக்கிவைத்தாள்.

"வீட்டக் காட்டுங்க. நான் தூக்கிட்டு வாரேன்."

குடத்தை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் நொண்டிக்கொண்டு போனேன். டீச்சர் வீட்டுக் கேட்டில் அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பெல்லை அழுத்தினாள். மாடியில் இருந்து குரல் வந்தது.

"அங்கனயே வச்சிருங்க."

"இவரு என்ன பால் பாக்கெட்டா, அங்கன வச்சுட்டுப் போக? பைய இறங்கி வாங்க. கை கடுக்கு, நிக்கேன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் காதில் பேனாவோடு வந்தாள். எங்களைப் பார்த்தாள். உள்ளே போய், கரண்டு போனால் ஏற்றுகிற பாதி மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தாள். செபத்தைத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டாள். அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுத்தேன். முடிந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "இங்கேர்ந்து அழைக்க யாரு வருவா?"

"தெரியல" என்றேன்.

முட்டு வலித்தது. கோயிலில் ஒப்படைக்கிற பேச்சை அடுத்த புதன் வரை தள்ளிவைத்தேன்.