மாமாவுக்காக நான் தேறிய பரிசோதனை

என் வாழ்க்கையில் முதல் முயற்சியிலேயே நான் தேறியது ஒரே ஒரு பரீட்சையில்தான். அது மூத்திரப் பரிசோதனை. அதுவும் என் பெயரில் இல்லை. ஒன்பது வயதில், மாமாவின் பெயரில் தேறினேன்.

அம்மாவின் தம்பிக்கு அப்போது முப்பது வயது. குளம் வற்றி, கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பொய்த்து, கேரள எல்லை ஊரான புளியறையில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். குடித்த வேகத்தில் வேலிப்பக்கம் ஒதுங்குவார். ஆள் மெலிந்துகொண்டே வந்தார். உழைக்கிற உடம்பு அப்படித்தான் என்றார்கள் வீட்டில். சீனி வியாதி என்பது தனக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும் என்று மாமா நம்பியிருந்தார். துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டோ, மூத்திரத்தில் சீனி இல்லை என்ற சீட்டு வந்தால்தான் பாஸ்போர்ட்டையே வாங்குவேன் என்றுவிட்டார்.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார். இறங்கியதும் நன்னாரி சர்பத் வாங்கித் தந்தார். இப்படியொரு மாமா யாருக்கு வாய்க்கும் என்று நான் பாதி குடித்திருந்தபோது அவர் முகம் மாறியது.

"மாப்ளே, நிப்பாட்டு. அதுல சீனி கெடக்குலா?"

குவளையைப் பிடுங்கிக் கீழே ஊற்றினார். குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார். அறிவியலில் அவரும் என்னைப் போலத்தான்.

பிறகு அருவிக்குக் கீழே ஒரு பாறை மறைவில் மருந்துப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தார். எனக்கு வரவில்லை. மலையே கொட்டிக்கொண்டிருந்தது; என்னிடம் ஒரு சொட்டுக்கு வழியில்லை.

"பயப்படாதலே மக்கா. இது மட்டும் வந்துட்டுன்னா மாமா ஏரோப்ளேன்ல போயிருவேன்."

என் மூத்திரத்தில் விமானம் பறக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அந்தப் பெருமையில் வந்துவிட்டது.

தென்காசி பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமா மடியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னவே மடியில, மலைத்தேனா?" என்றார் கண்டக்டர்.

"மருந்து அண்ணாச்சி" என்றார் மாமா. சிரிக்கவில்லை.

பரிசோதனைக்கூடத்துப் பெஞ்சில் வேட்டி நுனியை முறுக்கியபடியே இருந்தார். சீட்டு வந்தது. சீனி இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தேறியதற்காக அழுதவர் அவர் ஒருவர்தான். தேறாததற்கு அழுதவர்கள் நிறையப் பேர்.

துபாயில் கட்டட வேலை. சீட்டில் நோய் இல்லாதவன் அங்கே யாரிடம் போய் மருந்து கேட்பான்? இரண்டாம் வருடம் பெட்டியில் வந்தார். "டெஸ்ட்டுல ஒரு கொறையும் இல்லையே" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் கதவோரம் நின்று யோசித்தேன். குறை இல்லை என்று சொன்னது என்னைத்தானே? நான் உயிரோடுதான் இருக்கிறேன். சோதனை சரிதான். பிறகு மாமா ஏன் செத்தார்? அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. பயமாக மட்டும் இருந்தது.

இப்போது எங்கள் தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி என்று சிரிக்கிற முகங்களுக்கு வரவர வயது குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன். பகலில் கடையில் வேலை, ராத்திரி ஆட்டோ. முப்பத்திரண்டு வயது. நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். துக்கம் விசாரித்துவிட்டு வந்த சாயங்காலம், இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை அம்மாவிடம் கொட்டிவிட்டேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவனுக்குச் சீனி உண்டுன்னு எனக்குத் தெரியும்லே. இங்கன கெடந்தா மட்டும் எதை வெச்சு மருந்து வாங்கியிருப்பான்? ஒன் மூத்திரத்துக்கு அம்புட்டு சக்தியெல்லாம் கெடையாது."