வாடகைக்கு இருந்தால் புத்தகம் எடுக்கக் கூடாதாம்

சிறுசேரி பக்கம் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சின்ன நூலகம் ஒன்று உண்டு. நாளை வகுப்பில் நான் பேச வேண்டிய நாவலை அங்கிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அசோசியேஷன் செயலாளர் வாசலிலேயே நிறுத்தினார்.

"ஓனர் வூட்டுப் பசங்கதான் எடுத்துனு போலாம். நீ இங்கயே குந்திப் படி."

"ஏன் அங்கிள்?"

"வாடகைக்கு இருக்கறவங்க எப்போ காலி பண்ணுவீங்கன்னு யாருக்குத் தெரியும்மா?"

முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். என் பெயர், என் கையெழுத்து. நூலகம் தொடங்க வீடு வீடாகப் புத்தகம் கேட்டு வந்தபோது நான் கொடுத்தது. அன்று வாடகையா சொந்தமா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் சிரித்தார். "குட்த்துட்ட இல்ல, இப்போ அது அசோசியேஷனுது."

புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

என் புத்தகத்துக்கு இங்கே சொந்த வீடு கிடைத்துவிட்டது. எங்களுக்குத்தான் இன்னும் இல்லை.

உங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்கள் லிஃப்டிலாவது ஏறலாமா?