எண்ணூர் யார்டில் சர்வர் மாறிய திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை கேட்டில் டிரெய்லர்கள் நின்றுவிட்டன. சில வண்டிகளுக்கு பாஸ் அச்சாகி வந்தது. மற்றவற்றுக்குத் திரையில் ‘டிரைவர் படம் இல்லை’ என்று வந்தது. படம் இல்லாமல் பாஸ் கொடுக்கக் கூடாது என்பது யார்டு விதி.

அப்போது நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சிஸ்டம்ஸ் பொறுப்பில் இருந்தேன். கேட் பாஸ் அப்ளிகேஷன் பல வருடங்களாகப் பழைய விண்டோஸ் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது என்று ஆனதால், ஞாயிறன்று யார்டு மூடியிருந்தபோது லினக்ஸ் சர்வருக்கு மாற்றினேன். டெஸ்ட் செய்த வண்டிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன.

கேட் கேபினில் ஷெரீப் பாய் இருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர். அவர் பார்க்காமல் எந்த வண்டியும் உள்ளே வராது. பிரிண்டர் பழுதென்று அடிக்கடி அந்தக் கேபினுக்குப் போய் வந்ததில் என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். நான் லேப்டாப்போடு நுழைந்ததும் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு நின்றுகொண்டார்.

ஜி.எம். போனில் வந்தார். “கல்பனா, பழைய சர்வருக்கே போயிடுங்க. ரோட்டுல வண்டி நிக்குதுன்னு போலீஸ் கேக்குறாங்க.”

“சார், காலையில உள்ள வந்த வண்டிங்க எல்லாம் புது சர்வர்லதான் பதிஞ்சிருக்கு. இப்ப திரும்பினா அந்தக் கன்டெய்னர்லாம் யார்டுலயே இல்லன்னு காட்டும்.”

அவர் பதில் சொல்லுமுன் பாய் போனுக்குக் கை நீட்டினார்.

“சார், ஷெரீப் பேசுறேன். இந்தம்மா பாத்துகினு கீது. அதுவரைக்கும் லைசென்ஸ நானே பாத்து, கையால பாஸ் எழுதி வுடுறேன். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளுங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாஸ் எழுத ஒரு நோட்டை எடுத்தார். தப்பான வண்டி ஒன்று உள்ளே போனால் அவர் வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இறால் ஏற்றிய குளிர் கன்டெய்னர்களை முதலில் அனுப்பினார். மற்ற டிரைவர்கள் ஜன்னலில் குவிந்தார்கள்.

“இன்னா பாய், பேஜாரா கீது. கப்பல் போய்டும்.”

“அந்தப் பொண்ணு தலைமேல நின்னு கத்தாத. பேசணும்னா என்னாண்ட பேசு.”

ஒருவர் மட்டும் நகரவில்லை. “மேடம், என் மச்சான் வண்டி அப்பவே உள்ள போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாதான் போட்டோ குடுத்தோம். என்து மட்டும் எங்க?”

சர்வரில் தேடினேன். இரண்டு படங்களும் இருந்தன. வண்டி எண்தான் கோப்பின் பெயர். மச்சான் எண்ணை யாரோ ஆங்கிலப் பெரிய எழுத்தில் பதிந்திருந்தார்கள், இவருடையதைச் சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு. கேட்டில் எல்லோரும் பெரிய எழுத்தில்தான் தட்டுவார்கள். அதனால் சின்ன எழுத்தில் இருந்த எந்தப் படமும் அகப்படவில்லை. நான் டெஸ்ட் செய்தவை அத்தனையும் பெரிய எழுத்து வண்டிகள்.

ஃபோல்டரை பேக்கப் எடுத்துக்கொண்டு, எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்துக்கு மாற்றினேன். இனி யார் எப்படித் தட்டினாலும் பெரிய எழுத்தாகவே பதியும்படி, தேடும்படி, அப்ளிகேஷனில் ஒரு திருத்தம் போட்டேன். அந்த டிரைவரின் எண்ணைத் தட்டியதும் படம் வந்தது.

அவர் எட்டிப் பார்த்தார். “ஐய, இது கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது” என்றார். காலையிலிருந்து முதல் முறையாக பாய் சிரித்தார்.

மதியத்துக்குள் வரிசை கரைந்தது. கையால் எழுதிய பாஸ்களை பாய் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் சிஸ்டத்தில் ஏற்றினேன்.

“இன்னாம்மா இந்த லினக்ஸு, இவ்ளோ கறாரா கீது?”

“உங்கள மாதிரிதான் பாய்.”

“அப்ப இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு எந்த சர்வரை மாற்றினாலும், அதில் வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்துவிட்டுத்தான் தேதி குறிப்பேன். எண்ணை எப்படித் தட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். அவர்களும் நம்மைப் பார்த்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஷெரீப் பாய் அன்று அந்தப் போனை வாங்கியிருக்க மாட்டார்.